சாரதாமணியின் வயிறு

சாமளாபுரத்தில் அர்த்தநாரியின் தறிக்குடோனில் ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றிக்கொண்டிருந்த சாரதாமணிக்கு அந்த வருஷம் தைப்பூசம் கழிந்ததிலிருந்தே சோறு இறங்கவில்லை. பசித்துத்தான் தட்டின் முன் உட்காருவாள். இரண்டு வாய் உள்ளே போனதும் வயிறு திம்மென்று ஆகிவிடும். மருந்துக்கடையில் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், ரோஸ் கலர் டானிக் கொடுத்தார்கள். தின்ற அன்றைக்குக் கொஞ்சம் தேவலை போலிருக்கும். மறுநாள் பழையபடிதான்.

அர்த்தநாரி, செத்துப்போன அவள் புருஷனின் அண்ணன். பிள்ளையில்லாத அவளுக்கு அவர் வீட்டுப் பின்கட்டில்தான் ஜாகை. ஒருநாள் அவரிடமே போய்க் கேட்டாள்.

"மாமா, ரண்டு வாய் உண்டா வவுறு உப்பிக்குதுங்க. கோயமுத்தூர்ல ஒருக்கா காட்டிப்போட்டு வரலாமுங்களா?"

"வாயுவுக்கெல்லாம் கோயமுத்தூரா? சுக்கைத் தட்டிக் குடி, போ."

சித்திரையில் கையும் காலும் குச்சியாகிக் கன்னம் ஒட்டிவிட்டது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. சேலையை எப்படிக் கட்டினாலும் மறையவில்லை. அவள் குடோனுக்குள் நுழைந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாய்விட்டுச் சொன்னவள் அர்த்தநாரியின் மனைவி மயிலாள்தான். தறிச் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்கட்டுமென்றே கத்தினாள்.

"புருசன் போயி மூணு வருசமாச்சு. இந்த வவுறு எங்கிருந்துடி வந்துச்சு?"

"மாரியாத்தா மேல சத்தியமுங்க அக்கா, அப்படியொண்ணும் இல்லீங்க."

"அவன் ஆருன்னு சொல்லிப்போடு."

பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றும் கண்ணம்மாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மயிலாளின் மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். சாரதாமணி வெளியே தலைகாட்டக் கூடாதென்று ஆனது. சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். வாந்தியெடுத்தால், "மசக்கை" என்று மயிலாள் சமையலறையிலிருந்து சிரித்தாள். கேட்டுக் கேட்டு சாரதாமணிக்கே தன் உடம்பின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்தபடி படுத்துக் கிடந்தாள்.

வைகாசி கடைசியில், கண்ணாடி ஏற்றிய காரில் அவளைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியத்துக்கு அல்ல, காதும் காதும் வைத்தாற்போல் கலைத்துவிட்டு வர.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, திரைக்கு இப்பால் அர்த்தநாரியையும் மயிலாளையும் உட்காரவைத்துப் பேசினார். திரைக்கு அந்தப் பக்கம் சாரதாமணிக்கு எல்லாம் கேட்டது.

"கர்ப்பம் இல்லைங்க. வயித்துல தண்ணி கோத்திருக்கு. சினைப்பையில கட்டி, குடல் வரைக்கும் பரவியிருக்கு. புத்துநோய்தான்னு நினைக்கிறேன். எவ்வளவு நாளா இப்படி?"

"தையிலிருந்துங்க. ரண்டு வாய்க்கு மேல எறங்காதுங்க, வாயு மாத்திரைதான் தின்னுட்டிருந்தனுங்க" என்றாள் சாரதாமணி உள்ளேயிருந்து.

"நாலு வாய் தின்னதும் வயிறு நிறையுது, உப்பிட்டே இருக்குது, உடம்பு இளைக்குது. இதுக்கு மாசக்கணக்கா வாயு மாத்திரையா தின்னுட்டு உக்கார்ந்திருப்பாங்க? ஆரம்பத்துலயே ஸ்கேன் பாத்திருக்கணும். உடனே அட்மிட் பண்ணுங்க."

அர்த்தநாரிக்கு முதல் வார்த்தைக்கு மேல் எதுவும் ஏறவில்லை.

"கொழந்தை இல்லீங்களே? நிச்சயமுங்களா?"

"இல்லைங்க."

"முருகா! மானத்தைக் காப்பாத்திட்டே" என்று கும்பிட்டார். மயிலாள் அழுதாள், உடனே சிரித்தாள். அந்த ஒரு கணம் சாரதாமணிக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. பிறகுதான் டாக்டர் சொன்னதன் மிச்சம் அவளுக்கு உறைத்தது. திரும்பும் வழியில் மயிலாள் காரை நிறுத்தி மல்லிகை வாங்கினாள்.

மறுநாள் வீடுவீடாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான். "கேன்சருங்க. வேற ஒண்ணுமில்லீங்க." பெண்கள் பன்னும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். கண்ணம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாரதாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. "அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா தீட்டாயிரும். கண்ணாலம் முடியட்டும்" என்றார் அர்த்தநாரி. மயிலாள் தன் கையாலேயே கரண்டியில் கஞ்சி புகட்டினாள்.

"முகூர்த்தம் வரைக்கும் தாக்குப் பிடிச்சுக்க கண்ணு."

சாரதாமணி கரண்டியை விலக்கினாள். "அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னது நெசமா இருந்திருந்தா, நான் பொழச்சிருப்பனுங்க."

"மெதுவாப் பேசு. சம்பந்தி ஊட்டுக்காரங்க காதுல உழுந்தறப் போகுது."

அவள் தாக்குப் பிடித்தாள். கல்யாணத்தன்று முனகல் கேட்கக் கூடாதென்று பின்கட்டைப் பூட்டினார்கள். எல்லாச் சீரும் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்த ஒரு மத்தியானம் சாரதாமணி செத்தாள். மயிலாள் முதலில் கோழிக் குழம்பை இறக்கி மூடி வைத்தாள். பிறகு அழ வந்தாள்.