மருந்துக்கடைக்காரருக்கு வந்த கோபம்

அவள் மறந்தது எதுவும் வீணாகப் போகவில்லை. அந்தத் தெருவில் யாருக்காவது அது நினைவுக்கு வந்தது. முதலில் பால் விஷயத்தில்தான் இது தெரிந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். மாடியேறி முடிப்பதற்குள் பால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. சில வீடுகள் தள்ளி, பாதி முகத்தைச் சவரம் செய்து மீதி முகத்தில் நுரையோடு நின்றுகொண்டிருந்த கடிகாரக்காரர், "பால் பொங்குது, பால் பொங்குது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் வீட்டில் அன்று பாலே வாங்கவில்லை. எதற்காக ஓடிவந்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. அடுப்பை அணைத்தார், மன்னிப்புக் கேட்டார், மீதி முகத்தைச் சவரம் செய்யத் திரும்பிப் போனார்.

அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது முப்பதைத் தொடவில்லை. வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருப்பாள், மற்ற நாட்கள் அதன் களைப்போடு. மறதி கடைசியாக வந்து சேர்ந்தது. டாக்டர் அதை எதிர்பார்த்திருந்தவர் போலத் தலையாட்டினார். நோயும் மருந்தும் தூக்கமில்லாததும் சேர்ந்து செய்கிற வேலை, பழக்கங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். கடிகாரக்காரர் ஓடிவந்ததைக் கணவன் சொன்னபோது அவர் பேனாவை மூடினார். "அது என் டிபார்ட்மெண்ட் இல்லைங்க."

பழக்கம் அவளுக்குப் புதிதில்லை. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். அங்கே அலமாரித் தட்டுகளில் ஒவ்வொரு கருவியின் வடிவமும் வரையப்பட்டிருக்கும். மணி அடித்த பிறகும் ஒரு வடிவம் காலியாக இருந்தால், அந்தக் கருவி ஏதோ ஒரு மாணவனின் பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டையும் அப்படியே செய்துவிடலாம் என்றாள். கணவன் நில அளவை அலுவலகத்தில் வரைவாளன். கோடு போடுவது ஒன்றுதான் அவனுக்கு ஒழுங்காக வரும். மூக்குக்கண்ணாடி, சாவி, சீப்பு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிச் சுற்றிக் கோடிழுத்தான். மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா வந்தது. போனில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சத்தத்தில் அலாரம் வைத்தார்கள். பால் வாங்க வேண்டுமென்றால் பை கதவுப் பிடியில் தொங்கும். மறுநாள் ஆஸ்பத்திரி என்றால் மோதிரம் இன்னொரு கைக்கு மாறும். எதை மூடினாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். கை மறந்தாலும் காது வைத்திருக்கும் என்பது அவள் கணக்கு. "கேஸ் மூடியாச்சு" என்று சமையலறையில் அவள் சொல்வது சுவர் தாண்டிக் கேட்கும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் அங்கிருந்தே, "ரைட், போலாம்" என்பார்.

இவ்வளவையும் தாண்டி நழுவியது தெருவுக்குப் போனது. கண்டக்டருக்கு ஒரு நாள் பாதரசத்தின் அடர்த்தி தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடிகாரக்காரர், தான் ஒருபோதும் வளர்க்காத செவலை நாய் ஒன்றுக்காக ஒரு மதியம் முழுவதும் அழுதார். வீட்டுக்கார அம்மாள், கடற்கரையில் செருப்பை அலை கொண்டுபோன அன்று தன்னை ரோடுவரை முதுகில் சுமந்து வந்ததை நன்றியோடு கணவரிடம் சொல்ல, "நான் எப்போ உன்னைச் சுமந்தேன்? யாரு அந்த ஆளு?" என்று அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். எந்த ஞாபகம் யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது. சிலர் சொந்தக் கல்யாணத்தையே ஒரு முறை அவளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள்.

வைத்திருப்பவர் அவள் எதிரில் உட்கார்ந்து வாயால் சொன்னால் அது அவளிடம் திரும்பிவிடும், சொன்னவரிடமிருந்து போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர் கண்டக்டர். அதன்பின் தினமும் விளக்கேற்றும் நேரத்தில் அவள் வீட்டு மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். "சின்னச் சின்ன ஞாபகமெல்லாம் முன்னாடி வாங்க. பெருசு வெச்சிருக்கறவங்க வழி விட்டு நில்லுங்க" என்று கண்டக்டர் வரிசையை ஒழுங்குபடுத்துவார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வாள். "என் மண்டை ஓட்டை வாளி. நீங்கெல்லாம் கீழ நின்னு ஏந்திட்டு வர்றீங்க" என்று சிரிப்பாள். சில சமயம் சிரிக்க மாட்டாள். ஊரறியச் சொல்லக் கூடாததும் அந்த வரிசையில் வந்தது. திரும்பியது ஒரு வாரம் தங்கும், அல்லது சாயங்காலத்தோடு போகும். தெருமுனை மருந்துக்கடைக்காரர் மட்டும் வரிசைக்கு வந்ததில்லை. பேச்சை மில்லிகிராமில் அளந்து கொடுப்பவர். இந்தத் தொந்தரவெல்லாம் தனக்கு வராது என்பார், வரவும் இல்லை. கணவனுக்கும் ஒருமுறைகூட எதுவும் வரவில்லை. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் தினமும் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தான்.

பிறகு ஒரு காலை, குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவனைப் பார்த்து அவள் எழுந்து நின்றாள். ஆய்வகத்துக்கு வருகிற இன்ஸ்பெக்டரிடம் பேசும் குரலில், "நீங்க யாரைப் பாக்கணும்?" என்றாள். அவன், "உன்னைத்தான்" என்றான். அது போதுமான பதிலாக இல்லை.

அவன் தனக்குத் தெரிந்த வழியில் போனான். வாசலருகே சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கையில் ஆபீஸ் பையோடு, தன்னைச் சுற்றியும் ஒரு கோடு இழுத்துக்கொண்டான். இந்த வடிவத்துக்குள் நிற்பவன் உன் ஆள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் ஆய்வகத்துக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். சில நாட்கள் அது சரியாகவே நடந்தது. வேலை முடிந்து வந்து கோட்டுக்குள் நிற்பான், அவள் முகம் மலரும். அப்புறம் ஒரு சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அவனுடைய தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சற்று முன் வந்த களைப்பில் மூச்சு வாங்க அந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறார். உச்சந்தலையும் தோளும் அளவெடுத்தது போலப் பொருந்தியிருக்கின்றன. பை இருக்க வேண்டிய இடத்தில் சிலிண்டர் பொருந்தியிருக்கிறது. "சார், எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கோச்சுக்கறாங்க சார்" என்றார் அவர், வாயில் சோற்றோடு. அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு, வாசலில் நிற்பவனைக் காட்டி, "யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளுடா" என்றாள். கணவன் அன்றே அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான்.

அவள் மறந்த கணவன் எங்கே போனான் என்பது மறுநாள் தெரிந்தது. தண்ணீர் மோட்டாரைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசாத வீட்டுக்கார அம்மாள், படியில் அவனை நிறுத்திக் காலரைச் சரிசெய்து, "சாப்பிட்டியா?" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே திகைப்போடு பார்த்துக்கொண்டாள். அவன் புரிந்துகொண்டு அவளை மேலே கூட்டிப்போனான். அந்த அம்மாள் முகம் சிவந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிமுடித்தாள். மனைவி அவன் பக்கம் திரும்பி, "டேய், தலையைத் துவட்டாம எங்கடா சுத்தற?" என்றாள். அந்த ஒரு நாள் இருந்தது. இரவோடு போயிற்று. அதற்குப்பின் அவனுடைய காலைகள் ஒரே மாதிரி ஆயின. பல் துலக்கியதும் தெருவில் இறங்கி மெதுவாக நடப்பான். யார் பார்வை தன்மேல் தங்குகிறது, யார் தன் சட்டைப் பித்தானைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பான். ஒரு நாள் டியூஷன் டீச்சர். ஒரு நாள் கண்டக்டர். அவர் நாற்காலியில் நெளிந்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "இவன் தூங்கறப்போ அழகா இருப்பாம்மா" என்றார். ஒரு நாள் சிலிண்டர்காரரே. வெறுமனே அன்பாகக் கேட்ட ஆளை அழைத்துப்போய் உட்காரவைத்து, அவளும் அந்த ஆளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்ததும் உண்டு. எது அவளுடைய பிரியம், எது மனிதர்களுக்கு இயல்பாகவே இருப்பது என்று பிரித்தறிய அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவள் இறந்த காலையில் அவன் தெருவில் தேடவில்லை. விடியுமுன் மூச்சுத் திணறல் வந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டிலருகே நின்றவனை அவள் மரியாதையாகப் பார்த்து, "உங்க வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள்.

"என் சம்சாரத்துக்கு."

"சரியாயிடும், கவலைப்படாதீங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டாயிற்று என்றான். சாப்பிடவில்லை. மதியத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபிறகுதான், தன்னைப் பற்றிய ஞாபகம் அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் விட்டது அவனுக்கு உறைத்தது. அவளிடம் திரும்பாமல் போன அது தெருவில் யாரிடமோ இருக்க வேண்டும். அவனுக்கு அது வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இப்போது தெருவில் எல்லோருமே அவனைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். எல்லோரும் சாப்பிட்டாயா என்றார்கள். எல்லோரும் தோளைத் தொட்டார்கள். இத்தனை பேரில் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடுவீடாகப் போய், "உங்களுக்கு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டான். கடிகாரக்காரர் யோசித்துப் பார்த்து, இல்லையே தம்பி, இருந்தா தந்திருப்பேனே என்றார். வீட்டுக்கார அம்மாள் மனம் பொறுக்காமல், தன்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஜன்னலோர ரயில் பயணம் ஒன்றைச் சொன்னாள், நனைந்த கைக்குட்டையைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனும் மனைவியும் ஒருபோதும் ரயிலில் சேர்ந்து போனதில்லை. அது அந்த அம்மாளின் சொந்த ஞாபகம். நன்றி சொல்லிவிட்டு எழுந்தான்.

மாதங்கள் போயின. துக்கம் விசாரிப்பது குறைந்தது, வீட்டுக்கார அம்மாள் மறுபடி மோட்டாரைப் பற்றிப் பேசினாள். தெருவின் பரிவு வற்றிவிட்டால் மிஞ்சுகிற ஒருவரைக் கண்டுகொள்ளலாம் என்று நினைத்திருந்தான். யாரும் மிஞ்சவில்லை. அலுவலகத்தில் ஒரு வாய்க்காலைச் சாலைக்கு நடுவில் வரைந்துவிட்டான். மேலதிகாரி திட்டினார், அது காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் தலைவலியோடு மருந்துக்கடைக்குப் போய், கூட்டத்தின் பின்னால் நின்று, மாத்திரை கேட்டான்.

மருந்துக்கடைக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். சில மாதங்களாகவே அவருக்கு இந்த ஆளைத் தூரத்தில் கண்டாலே படபடவென்று வந்தது. ரத்த அழுத்தம் என்று நினைத்துத் தன் கடை மாத்திரையையே போட்டுக்கொண்டிருந்தார். அன்று மாத்திரைக்கும் அது அடங்கவில்லை.

"டேய்" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "வெறும் வயித்துல இதைப் போடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? நேத்துப் போட்ட அதே சட்டை. பித்தான் தொங்குது. கேட்டா, தைக்கணும்னு மூணு மாசமா சொல்லுவே. எவனாவது திட்டினா அங்க வாயத் திறக்க மாட்டே, வீட்டுக்கு வந்து கதவை டமால்னு சாத்துவே. பேசிட்டே இருக்கேன், காதுல விழுதா இல்லையா? ஒரு 'ம்'மாவது சொல்லித் தொலையேன்."

ஒரே நாள் வைத்திருந்தவர்களுக்கு அவளுடைய பிரியம் மட்டுமே தெரிந்திருந்தது. கல்யாணத்தின் மீதிப் பகுதி மேலே வர இவ்வளவு மாதம் ஆகியிருக்கிறது.

அவன் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். "ம்" என்றான்.

மருந்துக்கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை சார்" என்றார். பின் மறுபடி கோபம் வந்து, முதலில் எதையாவது தின்றுவிட்டு வரச் சொன்னார். அவன் போய்த் தின்றுவிட்டு வந்தான். மாத்திரையைக் கொடுத்தார்.

அதைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாததால் அது அவரிடமே தங்கிவிட்டது. தினமும் வேலை முடிந்ததும் அவன் கடை ஓரத்தில் வந்து நிற்பான். அவர் மற்றவர்களிடம் மில்லிகிராமில் பேசுவதும் இடையிடையே இவன் பக்கம் திரும்பிப் பொரிவதுமாக இருப்பார். அவருடைய மனைவி முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள், பிறகு ஊசியும் நூலும் கொடுத்தனுப்பினாள். தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இருமல் மருந்துக்கு வருகிறவர்கள், சண்டை முடியட்டும் என்று சற்றுத் தள்ளி நின்றுகொள்கிறார்கள்.