விசில் மூடி

கெட்டிலை அடுப்பில் வைத்தபோதுதான் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தாள் இராஜம்மா. நிலைய அதிகாரி சிவசம்பு குவாட்டர்ஸ் படிகளில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார். பின்னால், அதே நிலையத்தில் வேலை செய்யும் மேல்மாடி விஜயன். தீயணைப்பு வேலையில் பதவி உயர்வுக்குப் பரீட்சை உண்டு, கோலாலம்பூரில் நேர்முகம் உண்டு, டாக்டர் பரிசோதனை உண்டு. அதெல்லாம் முடிந்த பிறகு, இந்த நிலையத்தில், சிவசம்புவின் தேத்தண்ணியும் உண்டு. ‘யார் பின்னால் புகைக்குள் போவாய்?’ என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். அதிகம் பேர் யாரைச் சொன்னார்களோ அவன் வீட்டுக்குச் சொல்லாமல் வந்து தேநீர் குடிப்பார். மறுநாள் அவன் பெயரைச் சிபாரிசு செய்வார்.

மூன்று முறை அவர் வேறு வீடுகளுக்குப் போனார். மூன்று முறையும் அவள் கணவன் நாகையா இதே ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, தன் சீருடையை எடுத்து அயர்ன் செய்தான். அவனிடம் வேலை பழகியவர்கள் இப்போது அவனுக்கு உத்தரவு போடுகிறார்கள்.

"என்ன நாகையா, வீட்டிலயும் லோங்ஸ் மடிப்புக் கலையாமல் நிக்கிறாய்! நான் வாறது ஆர் சொன்னது?" என்று கால்சட்டையைப் பார்த்துக் கேட்டபடி நுழைந்தார் சிவசம்பு.

"நான்தான் சார்," என்றான் விஜயன். "என் வாயும் ஹோஸும் ஒண்ணு. தொறந்தா நிக்காது."

சிவசம்பு சிரித்தபடி உட்கார்ந்தார். நாகையா நாற்காலியின் நுனியில், சமையலறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். அவன் காதோரம் நரைத்திருப்பதை இராஜம்மா அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எல்லாரும் உன்ரை பேரைத்தான் சொல்லுறாங்கள். இவன் சொன்ன கதைதான் எனக்கு மறக்கேல்லை. தங்கச்சியும் கேக்கட்டும், சொல்லடா," என்று இராஜம்மாவைக் காட்டினார்.

விஜயன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். "காப்பார் ஊர்ல பலகைக் கிடங்கு தீப்புடிச்சப்ப அக்கா. உள்ள கண்ணு தெரியல. முன்னால அண்ணன், பின்னால நான். திடீர்னு அண்ணன் முதுகுல இருக்கற சிலிண்டர் விசில் அடிக்குது. காத்து முடியப் போகுது, வெளிய ஓடுன்னு அர்த்தம். வேற யாரா இருந்தாலும் அங்கயே ரிவர்ஸ் லா. அண்ணன் தலையக்கூடத் திருப்பல. உள்ளயே போறாரு! நான்தான் தோளப் புடிச்சு வெளிய இழுத்தேன். என்னா நெஞ்சு லா அது!"

நாகையா தரையைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவள் அறிவாள். விளங்காத ஒன்றைக் கடந்துபோக அவன் வைத்திருக்கும் சிரிப்பு. காப்பாரிலிருந்து திரும்பிய அன்று அவன் சொன்னது வேறு. ‘விஜயனுக்குப் பயம் வந்துருச்சு போல. சும்மா போய்க்கிட்டு இருந்தவன புடிச்சு இழுத்துட்டான். பாவம், சின்னப் பையன், யார்கிட்டயும் சொல்லல.’ விசிலைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டு கதைகளும் இப்போது அவளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

"தண்ணி வச்சிருக்கேன்," என்று சமையலறைக்குப் போனாள்.

போன தீபாவளிக்கு முன்பு ஒருநாள், கெட்டில் வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. நாகையா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷம் பம்புக்கும் சைரனுக்கும் பக்கத்தில் நின்ற காது. பேச்சு நன்றாகக் கேட்டது. கூர்மையான சத்தம் மட்டும் அவனை விட்டுப் போயிருந்தது. பரிசோதனையில் பின்னால் நின்று பேர் கேட்ட டாக்டருக்கு அது தெரியவில்லை. "யார்கிட்டயும் சொல்லாத," என்றான். "ஸ்டோர்ல குந்த வச்சிருவாங்க." மகள் சிரித்துவிடக்கூடாதே என்று இராஜம்மாதான் கெட்டிலின் விசில் மூடியைக் கழற்றி இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் போட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தண்ணீர் சத்தமில்லாமல் கொதித்தது.

மேல்மாடிக் கொடியிலிருந்து விஜயனின் சட்டை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் துணி பிழியும்போது அவன் மனைவி மார்க்கிரட் சொன்னாள்: "ஒங்க வீட்டுக்காரரு முன்னால போனா எனக்கு நிம்மதிக்கா. அவர் பின்னால போனா இவரு திரும்பி வந்துருவாரு."

திரும்ப வேண்டிய நேரத்தை முன்னால் போகிறவன்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு நாகையா பதவியில் பெரியவன். பெரியவனின் தோளைப் பிடித்து இழுக்க யாருக்குத் தைரியம் வரும்? அவன் தைரியசாலி என்று நம்பிக்கொண்டே பின்னால் போவார்கள்.

மடிப்புக் கலையாத அந்தக் கால்சட்டை நினைவுக்கு வந்தது. நான்காவது முறையும் ஜன்னலில் நிற்கப் போகும் அந்த முதுகு. இந்தப் பதவியை அவனிடமிருந்து பிடுங்க தான் யார்?

இழுப்பறையைத் திறந்தாள். கரண்டிகளை ஒதுக்கினாள். கெட்டிலின் மூக்கில் மூடியை வைத்து, விரல் சுட, அழுத்தினாள்.

பிஸ்கட் தட்டோடு வந்து வாசற்காலில் நின்றுகொண்டாள்.

"மூத்தவளுக்கு இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் சிவசம்பு. நாகையா சொன்னான். மெல்லிய முனகல் ஒன்று உள்ளே எழுந்து, ஏறி, வீட்டைக் கிழித்தது.

"அக்கா, தண்ணி!" என்று சிரித்தான் விஜயன்.

அவள் அசையவில்லை. சிவசம்பு சமையலறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாகையா மகளின் பரீட்சையைப் பற்றி, அதே அளவான குரலில், பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

விஜயனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தலை திருப்பாத அந்த முதுகையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டில் கத்திக்கொண்டிருக்க, அவனுடைய வலது கை தானாக எழுந்து, நாகையாவின் தோளை நோக்கிப் போய், தொடாமல் காற்றிலேயே நின்றது.