சின்னவள் வீட்டு வெயில்

முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து சின்னவள் வீட்டு மொட்டை மாடியில் மட்டும் வெயில் மாலை ஏழு மணிவரை இருந்தது. மற்ற வீடுகளில் வழக்கம்போல் ஆறு மணிக்கே இருட்டியது. மீட்டரைச் சோதிக்க வந்தவர் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு, மீட்டரில் கோளாறு இல்லை, வெயில்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்தின் அருமையைச் சொல்லியாக வேண்டும். அங்கே மின்சாரம் முழுவதும் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளிலிருந்து வருவது. நண்பகலில் தகடுகள் அள்ளிக் கொடுக்கும்; அப்போது வீட்டில் ஆளிருக்காது. ஆறு மணிக்கு எல்லோரும் திரும்பி அடுப்பையும் மின்விசிறியையும் போடும்போது தகடுகள் தூங்கிவிடும். பிறகு பொது பேட்டரிதான் இரவைத் தாங்க வேண்டும். ஆகவே யார் எப்போது துணி துவைப்பது, எப்போது தண்ணீர் ஏற்றுவது என்று அட்டவணை போட்டு, முடிந்த வேலையையெல்லாம் பகலுக்குத் தள்ளியவள் பெரியவள், சின்னவளின் ஓரகத்தி. எடுத்ததைவிட அதிகம் கொடுத்த வீடு என்று வாசல் பலகையில் மூன்று ஆண்டுகள் அவள் வீடுதான் முதலிடம். அதற்காகக் கணவனைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தாள். சின்னவளோ இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறவள். இப்போது முதலிடம் அவளுக்கு.

“ஏண்டி, ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுது. உனக்குப் போய் இந்த வெயிலா?”

“நான் என்ன கயிறு கட்டியா இழுத்தேன்? வேணும்னா வீட்டை மாத்திக்கலாம்க்கா.”

மாற்றிக்கொண்டார்கள். மறுநாளே வெயில், சாமானோடு சாமானாகச் சின்னவள் பின்னால் போய்விட்டது. பெரியவளுக்கு மிஞ்சியது இரண்டு பல்லிகள்.

இரண்டு ஆண்டுகள் அவள் அந்த வெயிலை அட்டவணையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மூன்றாம் ஆண்டு அடைமழையில் பேட்டரி எட்டு மணிக்கே காலியாகி, மோட்டார் நின்று, மாடி வீட்டுக்காரர்கள் குடத்தோடு இறங்கினார்கள். சின்னவள் மாடியில் அப்போதும் ஆறிலிருந்து ஏழுவரை வெயில் தவறவில்லை.

“அட்டவணையை வேற யாராவது போடட்டுமே?” என்றார் கூட்டத்தில் மாடி வீட்டு வாத்தியார், மெதுவாக.

பெரியவள் பென்சிலை எடுத்தாள். இரண்டு முறை முனை ஒடிந்தது. மூன்றாம் முறை எழுதினாள்: ஆறு முதல் ஏழு, மோட்டார், சின்னவள் வெயிலில். அன்றே தொட்டி நிரம்பியது.

மறுநாள் ஆறரைக்கு ஈரத்துணிக் கூடையோடு பெரியவள், சின்னவளின் மாடிக்கு ஏறினாள்.

“என்னக்கா, நீங்களா?”

“வெயில் சும்மாதானே போகுது.”

கொடியில் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடம் விடாமல் விரித்துவிட்டு, மற்ற வீடுகளில் விளக்கு எரியத் தொடங்குவதைப் பார்த்தபடி, கண் கூச நின்றாள்.