வலது பின் சக்கரம்

செபமாலையின் மூன்றாவது பத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மெரின் எழுந்து உள்ளறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை இழுத்துத் தரையில் கொட்டினாள். கையுறை, வேர்வைத் துண்டு, பாதி தீர்ந்த குளுக்கோஸ் பாக்கெட், டயரில் குறி போடுகிற சாக்பீஸ் எல்லாம் உருண்டன. கேஜ் மட்டும் இல்லை. பக்கவாட்டு ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அது சிக்கிக்கொண்டது. கிழித்தே விட்டாள்.

இருந்தது. டயரில் காற்று அளக்கிற கேஜ், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. காரோடு இருந்திருக்க வேண்டிய பொருள் அவளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் காரை ஓட்டிவந்த புருஷன் கையில் கேஜ் இல்லை.

நாத்தனார் ஸ்டெல்லாமேரி கதவோரம் வந்து நின்றாள். "அண்ணி, இன்னா தேடறீங்க? எல்லாரும் உங்களத்தான் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஸ்கூட்டி சாவி குடு."

"இப்பவா? எங்க?"

மெரின் கையை நீட்டினாள். முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் லூர்துபிரகாஷ் படுத்திருந்தான். முப்பத்து நான்கு வயது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். அது இப்போது அவனுக்குக் கொஞ்சம் இறுக்கம். நாலு மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது.

அதற்குள் வாசலில் சத்தம் கிளம்பியது. மாமனார் அமலநாதனின் குரல். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், தெருமுனை வரைக்கும் கேட்கும் தொண்டை.

"யார்ரா உன்ன இங்க வரச் சொன்னது? கார தரையோட தரையா எறக்கி, ஸ்பிரிங்க மாத்தி, அத மாத்தி இத மாத்தி... உன் வேலைதான்டா என் புள்ளைய தின்னுச்சி! போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். இனிமே அவங்க பேசுவாங்க உன்கிட்ட. போடா வெளிய!"

ஹரிகிருஷ்ணனின் சட்டை அவர் கைப்பிடியில் இருந்தது. உழவர்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். லூர்துவின் காருக்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் அவன் கைவேலை. திமிறிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வான் என்று மெரின் எதிர்பார்த்தாள். அவனோ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாப்பா. என் வேலைதான்ப்பா" என்றான்.

அட பாவி, ஏன் இப்படிச் சொல்கிறான்? அது பொய் என்று இந்த வீட்டிலேயே மெரின் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூவரும் போனது டிராக் டேக்கு; அதைப் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைப் பக்கம் பந்தயப் பாதையை ஒரு நாளைக்குத் திறந்து விடுவார்கள், சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம். அவ்வளவுதான். மூன்று வருஷமாக அதுதான் இவர்களுக்குத் திருவிழா. லூர்து ஓட்டுவான். ஷாக் அப்சார்பரை இறுக்குவதும் தளர்த்துவதும் ஹரி. டயர் மெரின். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது என்பது லூர்து போட்ட சட்டம். இரண்டு பேர் தொட்டால் எது யார் செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்பான். ஒருமுறை அவன் ஆசையாகக் காற்று அடிக்கப் போனபோது மெரினே கையில் ஒன்று போட்டிருக்கிறாள்.

வேகமாக ஓடினால் டயர் சூடாகும், உள்ளே காற்று ஏறும். ஏறினால் பிடிப்பு போய்விடும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சூட்டோடு சூடாகக் காற்றை இறக்குவாள். ஆனால் ஆறினபிறகு அதே டயர் சப்பிப்போய் இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு ரோட்டில் போகக் கூடாது. வீட்டுக்குக் கிளம்புமுன் கால் பம்பை எடுத்து நாலு சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு அடித்துவிட வேண்டும். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம் முடிந்து காற்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் விட்டுவந்த மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஸ்டெல்லா போன் பண்ணினாள். ஹரி அப்போதுதான் ஷாக் அப்சார்பர் திருகு நாலையும் ரோட்டுக்கு ஏற்ற மாதிரி தளர்த்திவிட்டு எழுந்தான். மெரின் அதைக் கண்ணால் பார்த்தாள். "நீ ஹரியோட வேன்ல போ. நான் டைமிங் ஷீட் வாங்கிக்கினு பின்னாலயே வந்துடறேன்" என்றான் லூர்து. அவள் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். அவனோ, டயர் மெரின் வேலை, அவள் முடித்திருப்பாள் என்று ஏறி உட்கார்ந்திருப்பான். மாநில எல்லையைத் தாண்டி, கனகசெட்டிக்குளத்து வளைவு வரைக்கும் வந்துவிட்டான். தூறல் போட்டிருந்தது, அங்கேதான் கார் வழுக்கிப்போய் மோதியது. வீட்டுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

இரண்டு நாளாக அவளுக்கு ஒரே கேள்வி. யாராவது சொல்லி, எங்காவது நிறுத்தி, அவன் காற்று அடித்திருந்தால்? அடித்திருந்தால் அவள் கொல்லவில்லை. இடது முன் டயர்தான் போயிற்று, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று போலீஸ் ஸ்டேஷன் போய் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றில் இன்னும் காற்று இருக்கிறது. அளந்தால் தெரிந்துவிடும்.

பின்பக்கமாக ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினாள். புருஷன் பெட்டியில் கிடக்க இவள் எங்கே போகிறாள் என்று எதிர்வீட்டு அம்மாள் வாயில் கை வைத்தாள். வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டேஷன் மதில் ஓரம், பிடிபட்ட மணல் வண்டிகளுக்கு நடுவே வெள்ளைக் கார் நின்றது. ஓட்டுகிறவன் பக்கக் கதவு உள்ளே போயிருந்தது. மெரின் அந்தப் பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

ஏட்டு தணிகாசலம் ஓடி வந்தார். "யாரும்மா நீ? அதெல்லாம் தொடக் கூடாது. மதியம் பிரேக் இன்ஸ்பெக்டர் வராரு."

"அவரு வீட்டுக்காரி சார். ரெண்டே நிமிஷம். எதையும் எடுக்க மாட்டேன். தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கேஜையும் பார்த்தார். அது என்ன என்று கேட்காமல் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இடது பின் சக்கரம். மூடியைக் கழற்றினாள். மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. கேஜைப் பொருத்தி அழுத்தினாள்.

முப்பத்திரண்டு.

மறுபடியும் அழுத்தினாள். முப்பத்திரண்டுதான். ஓடிப்போய் வலது முன் சக்கரத்தில் வைத்தாள். அதுவும் முப்பத்திரண்டு. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடித்திருக்கிறான்! என் ராசா, எங்கேயோ நிறுத்தி அடித்திருக்கிறான்! வாய் விட்டு அழுதாள், சிரிப்பும் கூடவே வந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று டயரைக் கட்டிக்கொண்டு சொன்னாள். ஏட்டு திரும்பி நின்றுகொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பின் சக்கரத்துக்கு வந்தாள். அதிலும் முப்பத்திரண்டு.

மெரின் கேஜை எடுக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சக்கரம் போன வருஷம் ஒரு பள்ளத்தில் விழுந்து ஓரம் நெளிந்தது. அன்றிலிருந்து அதில் நாளுக்கு ஒரு பாயின்ட், சில நாள் ஒன்றரை, காற்று தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை தட்டி நிமிர்த்தியும் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு அடித்திருந்தால் இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, முப்பதுதான் இருக்க வேண்டும். முப்பத்திரண்டு இருக்கவே முடியாது. இன்றைக்கு யாராவது அடித்திருந்தால் ஒழிய.

"சார், காலையில யாராச்சும் வந்தாங்களா?"

"உங்க மெக்கானிக்குதான். ஆறு மணிக்கே வந்துட்டாரு. வண்டியில சாமி படம் கீது, பொட்டியில வெக்கணும்னாரு. சரி, எடுத்துக்கினு போனு விட்டேன்."

"கையில இன்னா இருந்துச்சி?"

"ஒரு பை வெச்சிருந்தாரு. ஏம்மா?"

மெரின் கேஜை எடுத்தாள். கழற்றிய மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினாள்.

திரும்பி வரும்போது ஹரி தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூடிய இஸ்திரிக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் பார்க்க, மெரின் ஸ்கூட்டியை அவன் எதிரிலேயே நிறுத்தினாள்.

"ஹரியண்ணா. அடிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சி?"

"இன்னா தங்கச்சி கேக்கற? உள்ள போ. எல்லாரும் பாக்கறாங்க."

"பம்ப்ல முள்ளு இருக்குது. சொருகுனதும் காட்டும். எவ்ளோ?"

"முப்பத்திரெண்டு. சத்தியமா. நான் பாத்துட்டு அப்படியே விட்டுட்டேன்."

"வலது பின்னாடியும் முப்பத்திரெண்டா?"

ஹரி வாயைத் திறந்தான். அந்தச் சக்கரத்தை மூன்று தடவை தட்டி நிமிர்த்தியவனே அவன்தான். முகம் கோணிக்கொண்டு வந்தது. கையால் மூடிக்கொண்டான்.

"அது இருவது," என்றான். "மத்த ரெண்டும் இருவத்திமூணு."

மெரின் தலையை ஆட்டினாள். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இன்ஸ்பெக்டர் பாத்தா காத்துனு எழுதிடுவான் தங்கச்சி. டயரு யாரு பாத்ததுன்னு கேப்பாங்க. ஸ்பிரிங்குனு எழுதிக்கினு போவட்டும், விடு. நானுந்தான் வேன்ல உன் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்து வந்தேன். எனக்கும்தான் ஞாபகம் வர்ல."

"அது உன் வேலை இல்ல."

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. உள்ளே போனாள். மாமனார் கொல்லைப்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரை அங்கேயே மடக்கினாள்.

"மாமா, ஹரியண்ணா மேல தப்பில்ல. நான்தான். காத்த எறக்கினேன். கெளம்பறப்ப ஏத்தல. மறந்துட்டேன். கேஜும் என் பையிலயே வந்துடுச்சி."

அமலநாதன் ஈர முகத்தோடு நின்றார். வேறு யாராவது என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர் வாழ்நாள் முழுக்க டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வண்டி எடுத்தவர்.

"எவ்ளோ?"

"இருவத்திமூணு."

"அதுலயா அந்த வளைவு வரைக்கும் ஓட்டினு வந்தான்?" என்றார். கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எழுந்து மூடவில்லை. அறைவார் என்று மெரின் காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"ஹரியண்ணாவுக்குத் தெரியும்."

"அவன் சொல்ல மாட்டான்." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயும் சொல்லாத" என்றார்.

"மாமா, அவர புடிச்சி உள்ள வெச்சிடுவாங்க. நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"வெக்கட்டும். இல்ல, கடைய மூடிட்டு வேற ஊருக்குப் போவட்டும். அவன் வெளியாளு மெரினு. நீ என் பேத்திக்கு அம்மா. அப்பன் இல்லாத புள்ள. அந்த அப்பன சாகடிச்சது உன் ஆத்தாதான்னு நாளைக்கு ஸ்கூல்ல எவளாச்சும் சொன்னா, அது எப்படி வளரும்?" குரல் உடைந்தது. "எனக்கு உன்ன வெட்டிப் போடலாம்னு வருது. ஆனா அது மூஞ்சிய பாக்கணுமே. போ. போய் மூஞ்ச கழுவு. ஃபாதர் வர நேரம்."

சொல்லவே கூசுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டதும் மெரினுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாது. பாப்பாவுக்கும் தெரியாது. அந்த நிம்மதி வந்ததும் அவளுக்குத் தன்மீது வந்த அருவருப்பு, கேஜின் முள்ளைப் பார்த்தபோதுகூட வரவில்லை. முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். சீலை முன்பக்கமெல்லாம் நனைந்தது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ஃபாதர் முன்னால், வண்டி பின்னால், அதன் கதவைப் பிடித்துக்கொண்டு அமலநாதன். பாப்பா ஸ்டெல்லாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் உடம்பு லேசாகச் சுட்டது. கோயிலுக்குக் கால் மணி நேர நடைதான்.

தெரு திரும்பும்போது மெரின் பின்னால் பார்த்தாள். சனம் முடிகிற இடத்துக்கு அப்பால், முப்பது நாற்பதடி தள்ளி, ஹரி தனியாக வந்துகொண்டிருந்தான். தெருவின் ஓரமாக, கூட்டத்தைச் சேர்ந்தவனும் இல்லை, வழிப்போக்கனும் இல்லை என்கிற மாதிரி. ஒரு பையன் கல்லைக் கையில் எடுத்ததையும், பெரியவர் ஒருவர் தட்டிவிட்டதையும் பார்த்தாள்.

அவள் நின்றுவிட்டாள்.

பின்னால் வந்தவர்கள் மேலே இடித்துக்கொண்டு விலகினார்கள். "அண்ணி, நடங்க," என்று ஸ்டெல்லா முழங்கையைப் பிடித்தாள். "மயக்கமா வருதா? யாராச்சும் தண்ணி குடுங்க." மெரின் தலையசைத்தாள். தண்ணீர் வேண்டாம். கையை விடுவித்துக்கொண்டாள். நடுத்தெருவில் நின்றாள். வண்டி கொஞ்ச தூரம் போய், டிரைவர் கண்ணாடியில் பார்த்து, அதுவும் நின்றது. ஜெபம் பாதியில் நின்றது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

அவள் நின்றதும் ஹரியும் அங்கேயே நின்றுவிட்டிருந்தான். போ என்பதுபோலக் கையை அசைத்தான். அவள் போகவில்லை. அவன் வந்து சேரட்டும் என்று நின்றாள். சனம் அவளைப் பார்த்தது, பிறகு அவள் பார்க்கிற பக்கம் பார்த்தது, பிறகு மெல்ல இரண்டு பக்கமும் ஒதுங்கியது. நடுவில் வழி விழுந்தது.

"இன்னா ஆச்சு? எதுக்கு நிறுத்தினு கீறீங்க?" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்தினார். அமலநாதன் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அந்த ஆள் அடங்கினார்.

ஹரி ஒரு அடி வைத்தான். நின்றான். பிறகு இன்னொரு அடி.

அமலநாதன் வண்டியின் கதவிலிருந்து கையை எடுக்காமல், முன்னாலேயே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.