மாதிரி மிதவை

கடலையும் மனிதகுலத்தையும் ஒரே மூச்சில் காப்பாற்றும் மகத்தான பொறுப்பு, அன்று காலை முதல் அந்தக் கரையைச் சேர்ந்த ஐந்து பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே காற்றில் படபடத்த பதாகை அப்படித்தான் பிரகடனம் செய்தது. 'கடல்பாசி வளர்ப்போம்! கடலன்னையின் கண்ணீர் துடைப்போம்!' திட்ட அலுவலர் காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி கடலைப் பற்றி வெகுநேரம் பேசினார். பாசி என்பது தாவரமல்ல, அது ஒரு தத்துவம் என்றார். ஒரு சின்ன அலை வந்து அவருடைய கால்சட்டையை முழங்கால்வரை நனைத்த பிறகுதான் தத்துவம் முடிவுக்கு வந்தது.

அவர் சொன்னதில் உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று. பருவம் முடிவதற்குள் எவளுடைய பாசி செழித்து நிற்கிறதோ, அவளுடையது 'மாதிரி மிதவை'. அடுத்த வருஷம் இந்தக் கரை முழுக்க அவள் மிதவையிலிருந்துதான் விதைப்பாசி எடுப்பார்கள். விதைப்பண்ணையும் அவள் பொறுப்பு.

இதைக் கேட்டதுமே அந்தப் பண்ணையின் பூட்டு, சாவி, சாவியைத் தொங்கவிடும் ஆணி எல்லாவற்றையும் மனசுக்குள் தயார் செய்துவிட்டவள் குழுத் தலைவி. அவளை ஊரே தலைவி என்றுதான் கூப்பிட்டது. புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டான். அவன் கூப்பிடும்போது மட்டும் அதில் கொஞ்சம் கிண்டல் கலந்திருக்கும். தலைவிக்குச் சந்தேகம் மூச்சு மாதிரி. தீப்பெட்டி வாங்கினால் கடையிலேயே திறந்து ஒரு குச்சியைக் கிழித்துப் பார்ப்பாள். தையல்காரரிடம் துணி கொடுத்தால் மிச்சத் துணியை வாங்கி ஒட்டிப் பார்ப்பாள். பாசிக் குழுவுக்கு விதிமுறை எழுதும்போதும் அந்தப் புத்திதான் முன்னால் நின்றது. எந்த மிதவைப் பாசியில் திருட்டுத்தனமாகக் கை வைத்தாலும் கை வைத்தவளின் மிதவை பறிபோகும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தலைவி விடவில்லை. "கை வச்சவ மட்டும் இல்ல. அவ வீட்டாளுங்க யார் கை வச்சாலும் மிதவை போயிரணும். புருஷனை ஏவி விட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அதுவும் விதியில் சேர்ந்தது.

வேலை அப்படியொன்றும் தத்துவமில்லை. மூங்கில் சட்டம், குறுக்கே கயிறுகள், கயிறு நெடுக முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட பாசித் துண்டுகள். பாசியைக் கொறிக்கிற மீன்கள் நுழையாமலிருக்க, சட்டத்தோடு சேர்த்துத் தொட்டில் மாதிரி ஓர் அடிவலை. அலையடிக்கிற தண்ணீரில் மார்பளவு நின்றுகொண்டு, குளிரில் விரல் சுருங்க, முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடிவலையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தலைவி புருஷனிடம் விட்டிருந்தாள். அவன் மீன் பிடிக்கிறவன், வலை அவனுக்குக் கைவந்தது. அதைவிட முக்கியமாக, உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன்தான். திருட்டுத்தனம் செய்கிற அளவுக்கு அவனுக்கு மூளை கிடையாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவள் எடுத்துவிட்ட முடிவு.

பாசி முதலில் மளமளவென்று வளர்ந்தது. பிறகு குறைய ஆரம்பித்தது. நேற்று கை நிறைய இருந்த கொத்து இன்று விரல் நீளத்துக்கு நிற்கும். நுனிகள் மொட்டை. தலைவி ஈரத்தோடு கரையில் நின்று மற்ற நான்கு மிதவைகளையும் பார்த்தாள். எல்லாவற்றையும்விடச் செழிப்பாக இருந்தது, அடுத்து மிதந்த ஓரகத்தியின் மிதவை.

ஓரகத்தி என்றால் கொழுந்தனின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் முகம் துடைக்கலாம். கொழுந்தன் ஆழ்கடல் படகில் போனவன், எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. அவளுக்கென்று இருந்தது அந்த மிதவை ஒன்றுதான். அவள் அதிகம் பேசமாட்டாள், எப்போதும் லேசாகச் சிரித்தபடி இருப்பாள். அந்தச் சிரிப்பைத் தலைவி பல வருஷமாகவே சந்தேகித்து வந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் புருஷனின் பழைய சிவப்புச் சட்டையைப் பிரித்து நூலாக்கி, யாருக்கும் தெரியாமல் தன் பாசி நுனிகளில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுவிட்டு வந்தாள். போட்ட கையோடு மனசு லேசாகிவிட்டது. அன்றைக்குப் புருஷன் கொண்டுவந்த ஓரா மீன்கூட வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. கொஞ்ச நாளாக அவன் வெறுங்கையோடு வருவதே இல்லை. கொழுத்த ஓரா, தினமும். கடல் வறண்டுபோச்சு என்று மற்றவர்கள் புலம்பும்போது இவனுக்கு மட்டும் எப்படி என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை. பெருமைப்பட்டாள்.

பார்வையிடும் நாளன்று திட்ட அலுவலர் இன்னும் பெரிய அதிகாரி ஒருவரோடு வந்தார். அவரும் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டார். தலைவியின் மிதவையைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சிருக்கு?" என்று, நோயாளியைக் கேட்கிற தொனியில் கேட்டார். தலைவி நேரே ஓரகத்தியின் மிதவைக்கு நீந்தாத குறையாகப் போனாள். ஓரத்துக் கயிற்றில் சிக்கியிருந்த ஒரு பாசிக் கொத்தைப் பிய்த்து உயர்த்திப் பிடித்தாள். நுனியில் சிவப்பு நூல்.

"இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேளுங்க."

ஓரகத்தி நூலைப் பார்த்தாள், தலைவியைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலக்கா. பிஞ்சு மிதந்து வந்திருக்கும். தண்ணி இழுப்பு இந்தப் பக்கந்தானே."

"தண்ணிக்கு உன் வீட்டு விலாசம் மட்டுந்தான் தெரியுமாடி?"

"உங்க பாசியை எடுத்து நான் என்னக்கா பண்ணப் போறேன்? எனக்கே நிறைய இருக்கே."

"எப்படி நிறைய இருக்குன்னுதான் நானும் கேக்கறேன்."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திட்ட அலுவலர், சமூகப் பங்கேற்பில் இதெல்லாம் இயல்பு என்றும், விதிமுறை என்று ஒன்று இருக்கும்போது அதன்படி நடப்பதே நல்லாட்சி என்றும் சொன்னார். மறுநாள் காலையில் ஓரகத்தியின் மிதவையை அவிழ்த்துத் தலைவியின் மிதவையோடு கட்டிவிடுவது, சேர்ந்த மிதவையே மாதிரி மிதவை என்று முடிவானது. ஓரகத்தி கரையேறிப் போனாள். சிரிக்கவில்லை. அதையும் தலைவி கவனித்து, குற்றமுள்ள நெஞ்சு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷன் வந்தான். கையில் ஓரா. "தலைவி, இன்னிக்கு நல்ல கொழுத்ததா மாட்டிருக்கு," என்று போட்டுவிட்டுக் கால் கழுவப் போனான். அவள் உற்சாகமாக அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முள்ளை நறுக்கி, செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறிக் குடலை இழுத்தாள். பச்சைக் கூழாக ஏதோ பிதுங்கியது. அதற்குள் சுருண்டு கிடந்தது, ஈரமாக, ஒரு சிவப்பு நூல்.

அவள் அதைத் தண்ணீரில் அலசிப் பார்த்தாள். பிறகு, வழக்கத்தைவிட மெதுவான குரலில் கூப்பிட்டாள். "என்னங்க. இந்த மீனை எங்க பிடிச்சீங்க?"

"எங்க பிடிப்பேன், கடல்லதான்."

"கடல்ல எங்க?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றான். முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவுமில்லை. சாமர்த்தியத்தைச் சொல்லிக்காட்டக் காத்திருந்தவனின் பூரிப்புதான் இருந்தது. "உன் மிதவைக்குக் கீழதான். அடிவலைல ஒரு ஓட்டை போட்டு விட்டேன். உள்ள வந்து நல்லா மேயுது. வாயைச் சுருக்கிக் கட்டிட்டா அப்படியே அள்ளிக்கலாம். வலை வீசவே வேணாம்."

"அது என் பாசிங்க."

"தெரியும். நம்ம பாசியால நம்ம குடும்பம் சாப்பிடணும்னு நீதானே சொல்லிட்டே இருந்த?"

வாயைத் திறந்தாள். கை வைத்தவள் வீட்டாளுங்க யாராக இருந்தாலும் என்று தானே சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. இதை வெளியே சொன்னால் திருடன் அவள் வீட்டில். மிதவை போகும், பண்ணை போகும், தலைவி என்ற பெயர் போகும். சொல்லாவிட்டால் விடிந்ததும் ஓரகத்தியின் மிதவை போகும். நூல் மெல்லியதாகத்தான் இருந்தது. அடுப்பில் போட்டால் ஒரு நொடியில் பொசுங்கிவிடும். அவள் அதை விரலில் சுற்றினாள். அடுப்பைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்கும் குடுத்துட்டுத்தான் வரேன்," என்றான் அவன். "பாவம், காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையாம். இருந்ததுலயே பெருசை அவளுக்குக் குடுத்தேன்."

அப்போதுதான் அவளுக்கு அது காதில் விழுந்தது. ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் செதில் சுரண்டும் சத்தம். சர், சர் என்று நிதானமாக. பிறகு கத்தி கீறுகிற சத்தம். பிறகு ஏதோ இழுபடுகிற சத்தம்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

தலைவி விரலில் நூலோடு சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கமும் யாரோ சுவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. புருஷன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மீன் அன்றைக்கும் ருசியாகத்தான் இருந்தது.