மாடிப்படியில் மாப்பிள்ளை

1

எழுதுகிறவன் காலையில் எழுந்திருப்பான். பல் தேய்ப்பான். டம்ளரில் மூன்று பிரஷ் இருக்கும், இரண்டுதான் நனையும். பால் காய்ச்சி டீ போடுவான். சர்க்கரை இல்லாததை அத்தையிடம் கொடுப்பான். கூடவே வீட்டுச் சாவியையும் கொடுப்பான். தன் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்காருவான். உள்ளே தாழ்ப்பாள் விழும்.

கதை அந்தப் படியில்தான் பிறந்தது. முதியோருக்கு நடக்கும் கொடுமையைத் தடுக்கப் பாடுபடும் ஓர் அமைப்பு, தன் சிறப்பு மலருக்குக் கதை கேட்டது. பல நாடுகளில் படிப்பார்களாம். எழுதுகிறவன் சரி என்றான். ஏன் என்று தெரியவில்லை.

(அத்தை என்றால் மாமியார். அவருடைய மகள் எழுதுகிறவனின் மனைவி. போன வருடம் இறந்துபோனாள். அதைப் பற்றி இங்கே அதிகம் வராது.)

2

முதல் தொடக்கம்: ‘அந்த இருட்டறையில் பசியோடு முடங்கிக் கிடந்த மூதாட்டி—’

அத்தை படித்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். பேனாவும் கையுமாகத்தான் படிப்பார்.

“யாரு இது, நானா?”

“இல்ல அத்தை. கற்பனை.”

“கற்பனையில கூட ஒரு வாய் சோறு போட மாட்டீங்களா?”

அந்த வரியை அடித்துவிட்டான்.

இரண்டாவது: ‘மருமகன் தங்கமானவன். மாமியாரைத் தாயாக—’

“இது சோப்பு விளம்பரம்,” என்று பேனாவை மூடிவிட்டார்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் பலர் பல விதமாக முயல்கிறார்கள். பல நாடுகளில் உதவி எண் இருக்கிறது. சில இடங்களில் தபால்காரருக்கும் வங்கி ஊழியருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்: வழக்கமாக வரும் பெரியவரைக் காணோமா, விசாரி. கூட வந்தவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாரா, கவனி. இந்த ஊரில் போனில் விசாரிக்கிறார்கள். காலையில் ஒருவர் கூப்பிட்டு நலம் கேட்பார். உடன் வசிப்பவர் அப்போது வெளியே போய்விட வேண்டும். ஒரே விதி அதுதான்.

சாவியைக் கொடுப்பது எழுதுகிறவன் சேர்த்துக்கொண்டது. கதவைத் திறக்க முடிகிறவன் வெளியே நின்றாலும் உள்ளே இருப்பவன்தான்.

ஒருநாள் பேசி முடித்த அத்தை, மாப்பிள்ளையை மறந்து குளிக்கப் போய்விட்டார். பெல் அடித்துப் பார்த்தான். அத்தைக்குப் பெல் கேட்காது. குளித்து, துணி துவைத்து, காயப்போட வந்தபோதுதான் கதவு திறந்தது.

“அடக் கடவுளே! தட்டக் கூடாதா?”

“நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்களோன்னு நினைச்சேன்.”

“அவ்வளவு நேரமா? உங்களப் பத்திக் குறை சொல்ல எனக்கு விஷயம் வேணாமா?”

4

கதை என்றால் ஒரு சிக்கல் வேண்டும். இருக்கிறது. மச்சான், அத்தையின் மகன், ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

“பொண்ணே போனப்புறம் மாப்பிள்ளை வீட்ல அம்மாவுக்கு என்ன வேலை? நாலு பேர் என்னத்தான காறித் துப்புவான்? நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றான் போனில்.

(மச்சானை வில்லனாக எழுதிப் பார்த்தான். மீசை ஒட்டவில்லை. நல்லவன். தங்கைக்காக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவன்.)

அத்தை இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: “யோசிச்சுச் சொல்றேன்.”

அத்தை போய்விட்டால் ஒரு டீ போடுவான். ஒரு பிரஷ் நனையும். அத்தோடு—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

5

நலம் கேட்பவர் முன்னாள் பஸ் கண்டக்டர், ஒரு அம்மா. குரல் பஸ்ஸின் பின்படிக்கட்டு வரைக்கும் கேட்கும். அத்தை ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார். ஆனால் நீதிமன்றத்துப் பழக்கம், அத்தையின் குரல் எழும்பாது. ஆகவே மாடிப்படிக்குக் கேள்விகள் மட்டும் வரும்.

“அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

[ ]

“மாத்திரை உங்க கைலதான இருக்கு?”

[ ]

“யாராவது மனசு நோகப் பேசுனாங்களா?”

[சிரிப்பு]

“சரி. மகன் கூப்பிடறார்னீங்களே. அவருக்காகவும் வேணாம், மாப்பிள்ளைக்காகவும் வேணாம். உங்களுக்கு எங்க இருக்கப் பிடிச்சிருக்கு?”

[ ]

காதைக் கதவில் வைத்தால் கேட்டிருக்கும். வைக்கவில்லை. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

“என்ன தம்பி, இன்னிக்கும் வெளிய தள்ளிட்டாங்களா?”

“ஆமாங்க.”

“நீங்க குடுத்து வெச்சவங்க. என்னத் தள்ள ஆளில்ல.”

உள்ளே கண்டக்டரம்மா, “ரைட்டுக்கா, நாளைக்குப் பேசலாம்,” என்றார்.

6

முடிவு ஒன்று: மச்சான் பெட்டியைத் தூக்குகிறான். அத்தை கையசைக்கிறார். எழுதுகிறவன் கதவைச் சாத்தி— வேண்டாம்.

முடிவு இரண்டு, மலரின் ஆசிரியர் விரும்பியது: மனைவி சாகும்போது, “அம்மாவப் பாத்துக்கங்க,” என்று அவன் கையைப் பிடிக்கிறாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அவளுடைய ஆசை. கண்டக்டரம்மா கேட்டது அத்தையுடைய ஆசையை.

ஆகவே முடிவை உங்களிடமே விடுகிறான். அடைப்புக்குறிக்குள் இடம் இருக்கிறது. நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. இந்தக் கதையில் அத்தை பேசியவற்றில் பாதி, எழுதுகிறவன் இழைத்துச் செதுக்கியவை. அடுத்தது அப்படியல்ல. தாழ்ப்பாள் விலகியது. அத்தை சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். பாதி தூரம் போய்த் திரும்பி, நிஜமாகச் சொன்னது இது:

“இதே மாதிரி இன்னொரு சாவி செய்யக் குடுங்க மாப்பிள்ளை. பையன் என்னப் பாக்க வரப் போக இருப்பான். எனக்கு பெல்லு வேற கேக்காது.”