சுவேதினிக்குப் பின்னணி இசை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. யாருடைய சிரிப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன். எழுதுகிறவளுக்கும் மானம் இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவு போதும்: முசலிப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம், ஒரு மாதா கோயில் மண்டபம், இளையோர் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம், பத்தொன்பது வயதுச் சுவேதினி. அவளுக்கு ஒன்றியத்தின் தலைவியாக வேண்டும். நாட்டை ஆளக் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கண்ணீர் துளிர்த்த விழிகளோடு சுவேதினி கடலையே பார்த்துக்கொண்டு..."

வெட்டிவிட்டேன். சுவேதினி கடலைப் பார்ப்பதில்லை, வள்ளத்தில் என்ன வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பாள். மீள்குடியேறிய பெண் என்றால் கடலைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது, படம் பிடிக்க வருகிறவர்களின் ஏற்பாடு.

இரண்டாவது: "அடக்கமே உருவான சுவேதினி, தலை குனிந்தபடி..."

இதையும் வெட்டினேன். ஆனால் ஏன் எழுதினேன்? உங்களுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். ஒரு பெண் தலைமை கேட்கிறாள் என்று சொன்ன கையோடு, 'ஆனால் நல்ல பிள்ளை' என்று பின்னால் ஓடிவந்து சொல்லத் தோன்றுகிறது.

3

போர் முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிய வருடம் கிணறெல்லாம் உப்பு. கிழமைக்கு இரண்டு தடவை பவுசர் வண்டியில் தண்ணீர் வரும். பவுசரோடு சண்டையும் வரும். அப்போது சுவேதினிக்குப் பதினைந்து வயது. ஒரு நாள் சோக்கட்டியை எடுத்து எல்லாத் தண்ணீர்க் கான்களிலும் இலக்கம் போட்டாள். கைக்குழந்தைக்காரர் முதலில். நாலைந்து வள்ளம் வைத்திருந்த பெரிய சம்மாட்டியார் அந்தோனிமுத்து தன் கானை முன்னுக்கு நகர்த்தியபோது, "மாமா, உங்கட கான் பதினேழு. போய் நில்லுங்கோ" என்றாள்.

அவர் போய் நின்றார். ஊர் அவளை, கிராம அதிகாரியைக் கூப்பிடுவதுபோல, 'சின்ன விதானையார்' என்று செல்லமாகக் கூப்பிட்டது.

பிறகு கரண்ட் வந்தது. கரண்டோடு டிவி வந்தது. டிவியோடு சுவேதினிக்குப் பின்னணி இசை வந்தது.

4

தொடரின் பெயர் வேண்டாம். எந்தத் தொடரை நினைத்தாலும் சரியாக இருக்கும். அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி நகையெல்லாம் போட்டுக்கொண்டு சமைப்பாள், அழுவாள், மன்னிப்பாள். மற்றவள் படிக்கட்டில் இறங்கி வந்து, ஒரு கம்பனியை நடத்துவாள். வலது புருவத்தைத் தூக்கினால் 'டான்... டடடான்' என்று இசை அடிக்கும், அவள் முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். இருவரில் ஒரு கூட்டத்தை நடத்தத் தெரிந்தவள் இவள் மட்டும்தான். பாலில் நஞ்சு கலக்கும் வேலையையும் இவளுக்கே கொடுத்திருந்தார்கள்.

ஏழு மணிக்கு ஊரே அதைப் பார்த்தது. சுவேதினியின் தாய் றஞ்சினி கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்த்தாள். ஒரு நாள் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கதைக்கேக்க அந்தப் புருவத்தை* இறக்கு பிள்ளை. அவளைப் போலவே கிடக்கு" என்றாள்.

"அவளுக்குக் கம்பனி இருக்கம்மா. எனக்கு ஒரு கொப்பிதான் இருக்கு."

ஆனாலும் அன்றிரவு கண்ணாடி முன்னால் நின்று, விரலால் புருவத்தைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தாள். விரலை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே போனது.

(* சின்ன வயதில் செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் குதித்தபோது மரக்குற்றியில் கிழிந்த புருவம். தைத்தவர் கொஞ்சம் மேலே இழுத்துத் தைத்துவிட்டார். தொடரில் இதற்கெல்லாம் காட்சி கிடையாது.)

5

அந்தக் கொப்பி, கூட்டக் குறிப்புக் கொப்பி. இரண்டு வருடமாக அவள்தான் செயலாளர்; கையெழுத்து வடிவாம். திருவிழாவுக்குப் பந்தல்காரரைப் பிடித்தது, ஒலிபெருக்கிக்குப் பொலிசில் அனுமதி வாங்கியது எல்லாம் அவள்தான். 'தலைவரின் பணிப்பின் பேரில்' என்று அதே வடிவான கையெழுத்தில் அவளே எழுதியும் வைத்தாள்.

ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. பின்னேர பஸ் கேட்டு டிப்போவுக்கு எழுதிய கடிதத்தில் தலைவர் ஒப்பம் வைக்க வேண்டும். தலைவர் ஜோன்சனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தபடியால் மூன்று மாதமாக ஒப்பம் வைக்க நேரமில்லை. பஸ் இல்லாமல் நாலு பெட்டைகள் உயர்தர வகுப்பை விட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக விடப்போகிறவள் சுவேதினியின் தங்கை.

(இந்த இடத்தில் 'அவள் உள்ளத்தில் ஒரு தீப்பொறி...' என்று எழுதி வெட்டினேன். தீப்பொறி இல்லை, எரிச்சல்.)

6

கூட்டத்தில் சிநேகிதி அன்ரோனெற் எழும்பி, "தலைவர் பதவிக்குச் சுவேதினியை முன்மொழியிறன்" என்றாள்.

சுவேதினி எழுந்து, கூட்டத்தை நடத்திய பங்குத்தந்தையைப் பார்த்தாள். "எனக்குச் சம்மதம், பாதர். ரெண்டு நிமிசம் கதைக்கலாமோ?"

பின் வரிசை வாங்கிலிலிருந்து ஜெகதீபன் வாயால் அடித்தான்: "டான்... டடடான்!" பக்கத்திலிருந்தவர்கள் முகத்தை மூன்று தடவை வெட்டித் திருப்பினார்கள்.

"தேத்தண்ணியைக் குடியாதேங்கோ! நஞ்சு வச்சிருப்பா!"

"நஞ்சு வைக்க எனக்கெங்க நேரம், ஜெகதீபன்? நீங்கள் கதைக்கிற விசரை எழுதவே நேரம் காணாது."

அதற்கும் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. புருவமும் இறங்கவில்லை. அதே இசை இன்னொரு முறை அடித்தது. அப்போது முன்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது.

அதுதான் இந்தக் கதையின் சிரிப்பு. என்னுடையது.

அன்று நான் சிறப்பு விருந்தினர். 'ஊடகங்களில் பெண்கள்' என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். மாலையும் போட்டிருந்தார்கள். இசை அவள் முகத்துக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியது. அந்தத் தொடரை நானும் விடாமல் பார்க்கிறவள். சுவேதினி என்னைப் பார்த்தாள். அவளுடைய கை மெல்ல எழுந்து, விரல் புருவத்தை அழுத்திப் பிடித்தது.

பொடியன்கள் எவ்வளவு கத்தியும் நடக்காதது அது.

"ஆராவது வழிமொழியிறீங்களோ? கையைத் தூக்குங்கோ" என்று பாதர் கேட்டார். பெட்டைகள் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ஜோன்சன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

சுவேதினி உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். "பாதர், குறிப்பில என்னெண்டு எழுத?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அடுத்த ஞாயிறு பூசை முடியத் திரும்பக் கூடுவம். அதுவரைக்கும் இடம் விட்டு எழுது பிள்ளை."

7

முடிவு அ: தாய் பின்னாலிருந்து எழும்பி, "நான் வழிமொழியிறன்" என்கிறாள். எல்லோரும் அழுகிறோம். (றஞ்சினி அங்கத்தவர் இல்லை. வடை சுட வந்தவள்.)

முடிவு ஆ: ஜோன்சன் மனம் திருந்திப் பேனாவை நீட்டுகிறான். (ஜோன்சனை எனக்குத் தெரியும்.)

முடிவு இ: சுவேதினி பிற்காலத்தில் பெரிய... (வெட்டு. தலைமை கேட்கிற பெண்ணை உடனே பிற்காலத்துக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அவளுக்கு வேண்டியது அடுத்த ஞாயிறு.)

நான் எந்த முடிவும் எழுதப் போவதில்லை. என் பங்கைச் சிரித்து முடித்துவிட்டேன். மண்டபத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. இவ்வளவு நேரமும் அதில் நீங்கள்தான் இருந்தீர்கள். ஜெகதீபன் அந்த இசையை அடித்தபோது நீங்கள் மனதுக்குள் ஒரு தடவை அடித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கையை எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கொப்பியில், வடிவான கையெழுத்தில், இப்படி இருக்கிறது:

முன்மொழிந்தவர்: அன்ரோனெற்

வழிமொழிந்தவர்: